முதல் நாள் தோசைக்கல்லைப் பழக்கித் தந்த பெரியவருக்கு நன்றி

மணப்பாறையில் நானும் என் வீட்டுக்காரரும் டிபன் கடை திறந்த முதல் நாள். மாட்டுச் சந்தைக்கு வந்தவர்கள் விடிவதற்கு முன்பே வாசலில் நின்றார்கள். கடை அட்வான்ஸ், 19 கிலோ சிலிண்டர், பாத்திரம் என்று என் வளையல் வரைக்கும் அதில் போயிருந்தது. புதுக் கல்லில் ஒரு தோசைகூட எடுக்க வரவில்லை. ஒட்டிப் பிய்ந்தது. வருகிறேன் என்ற மாஸ்டரும் வரவில்லை. இவர் கை நடுங்குவதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காபிக்காக உட்கார்ந்திருந்த நீங்கள் எழுந்து உள்ளே வந்தீர்கள், ஐயா. "அடுப்பைக் குறைம்மா" என்றீர்கள், அவ்வளவுதான். கல்லில் எண்ணெய் தடவி, புகைய விட்டு, துடைத்து, பாதி வெங்காயத்தால் தேய்த்து, மறுபடி எண்ணெய். இப்படி நாலைந்து முறை. அப்புறம் தண்ணீர் தெளித்துச் சூட்டை இறக்கி மாவை ஊற்றினீர்கள். முதல் தோசை தானாகவே விளிம்பு தூக்கியது. தோசைக் கரண்டியை இவர் கையில் கொடுத்துவிட்டு, பத்து மணி வரைக்கும் பக்கத்திலேயே நின்றீர்கள். பனிக்காலத்தில் மாவு புளிக்காவிட்டால் பாத்திரத்தை அடுப்போரம் வைக்கச் சொன்னதும், சப்பாத்திக்குத் தனிக் கல் வாங்கச் சொன்னதும் நீங்கள்தான்.

கூட்டம் குறைந்து திரும்பினால் ஆளைக் காணோம். குடித்த காபிக்கான காசு மட்டும் கல்லா மேல் இருந்தது. பேர்கூடக் கேட்காமல் விட்டோமே என்று இன்றும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

ரொம்ப நன்றி, ஐயா. அதே கல்லில்தான் இன்றும் தோசை வார்க்கிறோம். ஒருநாள் வாங்க. காலை ஆறு மணிக்கே கடை திறந்திருக்கும்.