ஒரு மேட்ச், இரண்டு வேர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் கரண்ட் போன நேரம். மெழுகுவத்தி ஏற்றும்போது பேத்தி கேட்டாள்: "தாத்தா, கிரிக்கெட்டும் மேட்ச், தீக்குச்சியும் மேட்ச். அதெப்படி?" அகராதியைப் புரட்டினால், இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை!

ஆட்டத்து மேட்ச், பழைய ஆங்கிலத்தில் 'ஜோடி, துணை' என்று பொருள்பட்ட சொல்லிலிருந்து வந்தது. ஈடான ஆள் எதிரே நின்றால்தானே போட்டி? ஜவுளிக்கடையில் சேலைக்கு மேட்சிங் பிளவுஸ் தேடுவதும் இந்த வழிதான்.

தீக்குச்சி மேட்ச் பழைய பிரெஞ்சு வரவு. அங்கே அது விளக்குத் திரி. அப்புறம் பீரங்கிக்குத் தீ வைக்கும் திரிக்கும் அதே பெயர். 1827இல் இங்கிலாந்து மருந்துக்கடைக்காரர் ஜான் வாக்கர், உரசினால் பற்றும் குச்சிகளை விற்றார். அவர் வைத்த பெயர் 'ஃப்ரிக்‌ஷன் லைட்ஸ்'. யார் அதைச் சொன்னார்கள்? மேட்ச்தான் நிலைத்தது.

எங்கள் பக்கம் இன்னொரு வேடிக்கை. தீப்பெட்டித் தொழிற்சாலை வாசல் பலகையில் 'மேட்ச் ஒர்க்ஸ்' என்றிருக்கும். வேலைக்குப் போகிறவர்களோ 'தீப்பெட்டி ஆபீஸ்' என்பார்கள். பேத்திக்கு இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது. அவள் மேட்ச் பார்க்கப் போய்விட்டாள்.

- ஒரு வாசகர், கோவில்பட்டி