மறுவெளியீடு செய்யும் இசைத்தட்டு நிறுவனங்களுக்கு, சிங்கப்பூரிலிருந்து ஒரு திறந்த மடல்

பழைய ராக் ஆல்பங்களை வினைலில் மீண்டும் அச்சிட்டு விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

நாங்கள் சிங்கப்பூரில் இசைத்தட்டு வாங்கிக் கேட்கும் தமிழர்கள் சிலர். சங்கம், பதிவு எதுவும் எங்களுக்குக் கிடையாது. அவ்வப்போது ஒரு சனிக்கிழமை மாலை யாராவது ஒருவருடைய வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் கூடுவோம். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு தட்டு கொண்டுவருவார்கள். ஒரு பக்கம் ஓடி முடியும்வரை யாரும் பேசக்கூடாது என்பது மட்டும்தான் விதி. கேசட் காலத்திலிருந்து கேட்டுவரும், அறுபதைத் தாண்டிய அண்ணன் ஒருவர் இருக்கிறார். பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் டர்ன்டேபிள் வாங்கிய பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி ஒருத்தியும் இருக்கிறாள். இளையராஜாவின் பழைய எக்கோ நிறுவன எல்பிக்களும் இங்கிலாந்து ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் தட்டுகளும் எங்கள் வீடுகளில் ஒரே அலமாரியில்தான் நிற்கின்றன.

உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஆல்பத்தை 'லிமிடெட் எடிஷன்' என்று கொண்டுவரும்போது, இத்தனை பிரதிதான் என்று முன்கூட்டியே ஒரு சின்ன எண்ணைப் போட்டு முடித்துவிடாதீர்கள். இத்தனை நாள் முன்பதிவு செய்யலாம் என்று ஒரு கெடு வையுங்கள். அந்தக் கெடுவுக்குள் எத்தனை பேர் கேட்கிறார்களோ அத்தனை தட்டு அச்சிடுங்கள்.

ஏன் இவ்வளவு அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். நாங்கள் எல்லோரும் ஒருமனதாக நேசிக்கும் ஓர் ஆல்பத்தை வைத்தே சொல்கிறேன். பிங்க் ஃபிளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்' 1975 செப்டம்பரில் வந்தது. அதற்கு முந்தைய ஆல்பம் உலகம் முழுக்க ஓடி முடித்த களைப்பிலும் குழப்பத்திலும் அவர்கள் லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் உட்கார்ந்து செய்தது. தங்களோடு தொடங்கி, மனநிலை குலைந்து விலகிப்போன சிட் பாரெட்டை நினைத்து எழுதிய நீண்ட பாட்டை இரண்டாகப் பிரித்து, ஆல்பத்தின் தொடக்கத்தில் ஒரு பாதியையும் முடிவில் மறுபாதியையும் வைத்தார்கள். அந்த ஆண்டு ஜூன் 5ஆம் தேதி பாரெட்டே ஸ்டூடியோவுக்கு வந்து நின்றார். தலையையும் புருவத்தையும் மழித்து, உடல் பருத்துப்போயிருந்த அவரை அவர்களுக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. இது தெரிந்தபிறகு அந்தத் தொடக்கத்தின் நான்கு கிட்டார் ஸ்வரங்களைக் கேட்டால் தொண்டை அடைக்கிறது. எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் அந்தப் பாட்டுக்கு மட்டும் பேசாதே என்று யாரும் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

இதைக் கைபேசியிலும் கேட்கலாம், கேட்கிறோம். ஆனால் இது இரண்டு பக்கங்களை மனதில் வைத்துச் செய்த வேலை. முதல் பக்கம் முடிந்ததும் எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டும். அந்த இடைவெளியில்தான் யாராவது பெருமூச்சு விடுவார், யாராவது தண்ணீர் குடிக்கப் போவார். இரண்டாம் பக்கத்தில் ஒரு பாட்டு திடீரென்று சின்ன வானொலிப் பெட்டிக்குள் சுருங்கிப்போகும், அலைவரிசை மாறும், தொலைவிலிருந்து ஒரு கிட்டார் கேட்கத் தொடங்கும். அதன்மேல் நம் அறையிலேயே யாரோ உட்கார்ந்து வாசிப்பதுபோல இன்னொரு கிட்டார் சேர்ந்துகொள்ளும். நல்ல அச்சில் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

உறையும் அப்படித்தான். ஹிப்னோசிஸ் என்ற உறை வடிவமைப்பு நிறுவனத்தின் ஸ்டார்ம் தார்கர்சன் குழு செய்தது. இரண்டு பேர் கைகுலுக்குகிறார்கள், அதில் ஒருவர் உடம்பில் தீ எரிகிறது. எந்த ஒட்டுவேலையும் இல்லாமல் ஒரு சண்டைக் கலைஞருக்கு உண்மையாகவே தீ வைத்து எடுத்த படம் அது. காற்று திசை மாறியதில் அவர் மீசை கருகியது. அத்தனை பாடுபட்டு எடுத்த படத்தைக் கறுப்பு பிளாஸ்டிக் உறைக்குள் மறைத்து, மேலே இரண்டு இயந்திரக் கைகள் குலுக்கிக்கொள்ளும் ஒரு ஸ்டிக்கரை மட்டும் ஒட்டி விற்றார்கள். உள்ளே ஓர் அஞ்சலட்டையும் இருந்தது. கண்ணுக்கு முன் இல்லாமல் போனவர்களைப் பற்றிய ஆல்பத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத உறை. மறுவெளியீட்டில் இவை எல்லாம் இருக்கின்றனவா என்று நாங்கள் தேடுவதைச் சிலர் பைத்தியம் என்பார்கள். செய்தவர்கள் யோசித்துச் செய்ததை யோசித்துப் பெற்றுக்கொள்வது மரியாதை என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ராய் ஹார்ப்பர் பாடிய, இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு, இசையைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வாயாரப் புகழ்ந்து பணக் கணக்குப் போடும் இசை நிறுவன அதிகாரிகளைப் பற்றியது. அந்தத் தட்டைத்தான் நீங்கள் இன்று விற்கிறீர்கள். விற்கும் முறையில் அந்தப் பாட்டுக்கு நேர்மையாக இருங்கள் என்று கேட்க ரசிகர்களுக்கு உரிமை இருக்கிறது.

சரி, இங்கே நடப்பதைச் சொல்கிறேன். எங்களுக்குப் பிடித்த ஒரு பழைய ஆல்பம் வண்ண வினைலில், எண்ணிட்ட பிரதிகளாக வரப்போவதாக ஒரு நிறுவனம் அறிவித்தது. பெயர் வேண்டாம். குழுவில் நாள் முழுக்க அதே பேச்சு. விற்பனை நியூயார்க்கில் நண்பகலுக்குத் தொடங்கும் என்றார்கள். கோடையில் அது இங்கே நள்ளிரவு. மறுநாள் வேலைக்கும் வகுப்புக்கும் போக வேண்டியவர்கள் கண்விழித்து உட்கார்ந்திருந்தோம். பக்கம் திறந்தது, கூடையில் போட்டோம், பணம் கட்டப்போகும்போது தீர்ந்துவிட்டது என்றது. விடிவதற்குள் அதே தட்டு மறுவிற்பனைத் தளங்களில் பல மடங்கு விலையில் வரிசையாக நின்றது. விற்றவர்கள் கையில் தட்டு இன்னும் வந்துசேரவே இல்லை. அந்த மாணவி குழுவில் எழுதியது இன்னும் மனதில் நிற்கிறது: "அண்ணே, கேக்கிறவங்களுக்குக் கிடைக்காம, விக்கிறவங்களுக்கு மட்டும் எப்படிக் கிடைக்குது?"

இதற்கு நீங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் எனக்குத் தெரியும்: அச்சு ஆலைகளில் இடம் இல்லை. இதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்துபோனபோது, தட்டு வெட்டத் தேவையான லேக்கர் (ஒலிப்பள்ளத்தை முதலில் வெட்டும் பூச்சுத் தகடு) செய்யும் பெரிய இடங்களில் ஒன்று இல்லாமல் போய், ஜப்பானில் இருக்கும் ஆலையை உலகமே நம்பி நிற்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் 2022ல் 4 கோடியே 10 லட்சம் வினைல் தட்டுகள் விற்றன, சிடி 3 கோடியே 30 லட்சம்தான். 1987க்குப் பிறகு எண்ணிக்கையில் வினைல் சிடியை முந்தியது அப்போதுதான். அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஜாக் வைட், சோனி, யூனிவர்சல், வார்னர் என்ற பெரிய நிறுவனங்கள் மூன்றும் சொந்தமாக அச்சு ஆலைகள் கட்ட வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார். தேவை இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். தேவை தெரிந்தும் எண்ணைச் சின்னதாக வைப்பது ஆலையின் பிரச்சினை இல்லை, உங்கள் முடிவு.

நியாயமான வரம்பும் உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன். லேக்கரில் வெட்டிய பள்ளத்துக்கு நிக்கல் பூசி முதல் அச்சு எடுப்பார்கள், அதிலிருந்து ஒரு 'தாய்', தாயிலிருந்து தட்டை அழுத்தி அடிக்கும் உலோக அச்சான ஸ்டாம்பர். ஒரு ஸ்டாம்பரில் சுமார் ஆயிரம் தட்டு அடித்தால் அது தேயத் தொடங்கிவிடும். நடுவில் உள்ள படிகளைத் தவிர்த்து லேக்கரிலிருந்து நேரே ஸ்டாம்பர் எடுக்கும் 'ஒன் ஸ்டெப்' முறையில், ஒவ்வொரு ஸ்டாம்பருக்கும் புதிதாக லேக்கர் வெட்ட வேண்டும். அங்கே எண்ணிக்கை குறைவதும் விலை கூடுவதும் எனக்குப் புரிகிறது. ஆனால் அதே ஸ்டாம்பரில் நீல நிற பிவிசியைப் போட்டு, மூலையில் ஓர் எண்ணை அடித்து, இனி கிடைக்காது என்று பயமுறுத்துவது வேறு. வண்ணத்துக்கு வேண்டுமானால் வரம்பு வையுங்கள். கறுப்புத் தட்டு எப்போதும் கடையில் இருக்கட்டும்.

நாங்கள் கேட்பதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். அதே ஜாக் வைட்டின் தேர்ட் மேன் ரெக்கார்ட்ஸ் 2009 முதல் 'வால்ட்' என்ற சந்தா நடத்துகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு பொதி. கெடு தேதிக்குள் சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் கிடைக்கும், அதற்குப் பிறகு கிடையாது. அதுவும் லிமிடெட்தான், அபூர்வமும்தான். ஆனால் ஆசைப்பட்டவர் யாரும் நொடிக்கணக்கில் ஓடித் தோற்க வேண்டியதில்லை. காத்திருக்கச் சொன்னால் காத்திருப்போம், ஆறு மாதம் என்றாலும் சரி. ஐம்பது வருஷம் பழைய பாட்டுக்கு ஆறு மாதம் பெரிதா?

அப்புறம், தட்டு எதிலிருந்து வெட்டப்பட்டது என்பதை உறையில் தெளிவாகப் போடுங்கள். மூல அனலாக் நாடாவிலிருந்தா, அதன் நகலிலிருந்தா, டிஜிட்டல் கோப்பிலிருந்தா, யார் வெட்டினார், எந்த ஆலை அச்சிட்டது என்று எல்லாமே. 2022ல் மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க மறுவெளியீட்டு நிறுவனத்தின் விவகாரம் வெடித்தது நினைவிருக்கும். மூல நாடாவிலிருந்து என்று நம்பி வாங்கிய பல தட்டுகளில் நடுவே டிஜிட்டல் படி ஒன்று இருந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவந்தது. வழக்கும் இழப்பீடும் வரை போயிற்று. அந்தத் தட்டுகள் அருமையாகவே ஒலித்தன, டிஜிட்டல் என்பதால் அவற்றை நான் வெறுக்கவில்லை. சொல்லாமல் விட்டதுதான் மனதைப் புண்படுத்தியது. பிங்க் ஃபிளாய்டின் 2016 வினைல் மறுவெளியீட்டில் ஜேம்ஸ் கத்ரி, ஜோயல் பிளான்ட், பெர்னி கிரண்ட்மன் என்று வேலை செய்தவர்கள் யார் என்பது வாங்குகிறவருக்குத் தெரிந்தது. அந்த மாதிரி ஒரு வரி போதும், நம்பிக்கை தானாக வரும்.

எங்கள் ஊரைப் பற்றியும் கொஞ்சம் யோசியுங்கள். இங்கே ஆண்டு முழுக்கப் புழுக்கம். சொரசொரப்பான காகித உள்ளுறையில் வரும் தட்டில் பூஞ்சை பிடிக்கிறது. இறுக்கிச் சுற்றிய பிளாஸ்டிக்கோடு வெயிலில் நின்ற பொதியில் தட்டு வளைந்து வருகிறது. உள்ளே நல்ல பாலிதீன் உறை போட உங்களுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. விலையும் சாதாரணமில்லை. பல வெளியீட்டாளர்கள் இங்கே அனுப்புவதே இல்லை. அனுப்பினால், வெளிநாட்டிலிருந்து வாங்கும் சின்னப் பொதிகளுக்கும் 2023 முதல் பொருள் சேவை வரி உண்டு, 2024 முதல் அது 9 விழுக்காடு. அனுப்பும் கூலியும் சேர்ந்தால் தட்டின் விலையில் பாதிக்குமேல் ஏறிவிடுகிறது. ஒரு மாணவிக்கு அது ஒரு மாதச் சேமிப்பு.

அதனால்தான் உள்ளூர்க் கடைகளுக்கு ஒதுக்கீடு கேட்கிறோம். சிங்கப்பூர் ஏதோ கடைசியில் மிச்சம் மீதி அனுப்பும் ஊர் இல்லை. 1964ல் இங்குள்ள தி குவெஸ்ட்ஸ் குழுவின் 'ஷாண்டி' உள்ளூர்த் தரவரிசையில் பீட்டில்ஸ் பாட்டையே இறக்கிவிட்டு முதலிடம் பிடித்தது. 1965ல் ரோலிங் ஸ்டோன்ஸ் இங்கே வந்து பாடினார்கள். சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்படும்வரை அங்கே தரையில் விரித்த துணிமேல் இங்கிலாந்து ராக்கும் மலாய்ப் பாடல்களும் எம்ஜிஆர் படப் பாடல்களும் கலந்து கிடக்கும். எங்களில் சிலருடைய முதல் தட்டு அங்கே வாங்கியதுதான். இன்று எஸ்பிளனேட் கடைத்தொகுதியிலும் தியோங் பாருவிலும் இசைத்தட்டுக் கடைகள் இருக்கின்றன. வார இறுதியில் போய்ப் பாருங்கள், நிற்கிறவர்களில் பாதிப் பேர் அந்த ஆல்பங்கள் வந்தபோது பிறக்காதவர்கள்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓர் ஆளுக்கு ஒரு பிரதி என்ற விதியை நண்பர்களுக்காகத் தளர்த்தாதீர்கள். வரிசையில் நிற்கத் தயாராக இருக்கிறோம்.

உங்கள் அடுத்த அறிவிப்பில் பின்வரும் விவரங்கள் இருந்தால் எங்களுக்குப் போதும்: முன்பதிவு தொடங்கும் நாளும் முடியும் நாளும், அவற்றுக்கிடையே குறைந்தது இரண்டு வாரம்; தட்டு எதிலிருந்து வெட்டப்படுகிறது; தென்கிழக்காசியாவில் எந்தக் கடைகளுக்கு வரும். நேரத்தைப் போடும்போது சிங்கப்பூர் நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள். 'விஷ் யூ வேர் ஹியர்' மறுபடி வரும்போது அந்தக் கறுப்பு உறையையும் அஞ்சலட்டையையும் விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
சிங்கப்பூர்த் தமிழ் இசைத்தட்டு ரசிகர்கள் சிலர் சார்பில்