கேட்சுராங் அடங்கவில்லை, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் தாய்லாந்துத் தொடர் 'புப்பேசன்னிவாட்' பற்றி வந்த கட்டுரையை மூன்று முறை படித்தேன். "அடங்காத பெண்ணைப் பழைய காலத்துக் குடும்பம் அடக்கி நல்ல மருமகளாக்கும் இனிய கதை, நம் வீட்டுப் பெண்களுக்கும் காட்டுங்கள்" என்று அதில் ஒரு வரி. அந்த வரி என்னைத் தூங்க விடவில்லை. கட்டுரையாளர் தொடரைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாரா?

நான் பன்னிரண்டு ஆண்டுகள் பாங்காக்கில் இருந்தவள். என் கணவர் சீலோம் பக்கம் ஒரு ரத்தினக்கல் கடையில் கணக்கு எழுதினார். 2018 பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை, புதனும் வியாழனும் இரவானால் பக்கத்து வீட்டு அக்கா என்னைக் கைபிடித்து இழுத்துக்கொண்டு போய் டிவி முன் உட்கார வைப்பார். பழைய பேச்சு எனக்குப் புரியாது. அவர்தான் வரிக்கு வரி சொல்லித் தருவார். மறுநாள் காய்கறிக்காரம்மா முதல் எல்லோரும் ஒருவரையொருவர் 'ஓஜாவ்' என்று அந்தக் காலத்து முன்னிலைச் சொல்லால் அழைத்துக்கொண்டார்கள். பழைய தலைநகரான அயுத்தயாவின் வாட் சைவத்தனாராம் கோயிலுக்கு நாங்கள் போனபோது, பாட்டிகளும் பள்ளிப் பிள்ளைகளும் தோளில் சபாய்த் துணி சுற்றிக்கொண்டு படையாக வந்திருந்தார்கள். 1630இல் கட்டிய கோயில் அது. உங்கள் கட்டுரையில் அதன் படத்துக்குக் கீழே 'பாங்காக் கோயில்' என்று போட்டிருக்கிறது. சரி, அதைப் பிறகு சொல்கிறேன்.

கதை உங்களுக்குத் தெரியாதது இல்லை. தொல்லியல் படித்த இந்தக் காலத்துப் பெண் கேட்சுராங் விபத்தில் இறந்து, பதினேழாம் நூற்றாண்டில் அயுத்தயாவை ஆண்ட நாராய் மன்னர் காலத்துப் பெண் கராகேட்டின் உடலில் கண் விழிக்கிறாள். கராகேட் என்றால் தாழம்பூ. பெயர்தான் பூ, பணிப்பெண்களை அடித்து நொறுக்கியவள், போட்டிக்காரியின் படகைக் கவிழ்க்கச் சொல்லி ஓர் உயிரைக் குடித்தவள். செய்ததை மறைத்ததால், குற்றவாளியைத் தண்டிக்கும் கிருஷ்ணகாளி மந்திரத்தில் மாய்ந்தவள். அந்தக் காலத்து வளர்ப்பிலேயே வளர்ந்த பெண் இவள்தான். பின், யேம் என்ற அதே பணிப்பெண்களை அடிக்காமல் அணைத்துக்கொண்டவள் நம் காலத்துப் பெண். முதலில் அவள் முகத்தையே பார்க்கப் பிடிக்காத, மாமியாராகப்போகும் சம்பா அம்மாளின் மனம் கொஞ்சம் கொஞ்சமாக இளகுகிறது. இதில் யார் யாரை அடக்கினார்கள், ஐயா?

கேட்சுராங் பெரியவர்கள் முன் மண்டியிடுகிறாள், விடியலில் பிக்குகளுக்கு உணவிடுகிறாள். யாரும் அடித்துச் செய்ய வைத்ததல்ல, மனதார ஏற்றுக்கொண்டது. ஆனால் சின்ன மனைவி என்ற பேச்சுக்கு மட்டும் அவள் தலையாட்டவில்லை. அயுத்தயாச் சட்டத்தில் மனைவியரை மூன்று வகையாகப் பிரித்திருந்தார்கள்: பெற்றோர் கட்டிக்கொடுத்த பெரியவள், ஆண் தானே கொண்டுவந்த சின்னவள், விலை கொடுத்து மீட்ட அடிமை. அடிமை முறை ஒழிய 1905 ஆயிற்று. ஒருவனுக்கு ஒருத்தி என்று சட்டம் வர 1935 ஆயிற்று. இதற்கெல்லாம் முன்பே, 1865இல், பெற்றோர் பார்த்த மாப்பிள்ளை வேண்டாம் என்று அம்டேங் முவன் என்ற சாதாரணப் பெண் அரசர் மோங்குட்டிடமே முறையிட்டு வென்றாள். இந்தப் பெண்களெல்லாம் பாடுபட்ட மண்ணின் கதையை 'அடக்கிய கதை' என்று எழுதினால், அந்த அக்காவின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

இது முதல் தடவையும் இல்லை. இரண்டு வருடம் முன் உங்கள் சுற்றுலாச் சிறப்பிதழில் தாய்லாந்துக்கு ஆறு பக்கம் கொடுத்தீர்கள்; ஆறிலும் மசாஜும் இரவு விடுதியும். நாங்கள் ஊர் திரும்பிய புதிதில் ஒரு கல்யாண வீட்டில் "தாய்லாந்திலா இருந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு என் கணவரைப் பார்த்துச் சிரித்தார்கள். என் பெண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை இப்படிப்பட்ட பக்கங்கள்தான் கற்றுக்கொடுக்கின்றன. அப்போதும் கடிதம் எழுதினேன். நாலு வரியாக்கி, கோபத்தையெல்லாம் எடுத்துவிட்டு, "கட்டுரை அருமை" என்ற தலைப்பில் போட்டீர்கள்.

அப்புறம் சமையல் பக்கம். ஃபோய் தோங் என்ற தாய்லாந்து இனிப்பை 'முட்டை இடியாப்பம்' என்று எழுதினீர்களே, அந்தப் பொன்னிழைகளுக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறாள். ஜப்பானிய, போர்ச்சுக்கீசிய வம்சத்தில் வந்த மரியா கியோமார். இந்தத் தொடரிலும் வருகிறாளே! கிரேக்கரான அவள் கணவர் ஃபால்கன் நாராயின் மிக நெருங்கிய மந்திரி; 1688 புரட்சியில் அவர் தலை போனது. அவள் அடிமைப்பட்டு, பிறகு அரண்மனைச் சமையலறையில் வேலை செய்து தலைநிமிர்ந்தாள். போர்ச்சுக்கீசிய முட்டை இனிப்புகளை சயாமுக்குக் கொண்டுவந்தவள் என்று இன்றைக்கும் அவளைத்தான் சொல்கிறார்கள். முட்டை மஞ்சளை மெல்லிய தாரையாகக் கொதிக்கும் சர்க்கரைப் பாகில் விட அந்த அக்கா எனக்குக் கற்றுக்கொடுத்தார். கை நடுங்கினால் இழை அறுந்துவிடும். எனக்கு நாலாவது தடவைதான் வந்தது. அதை இடியாப்பம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள்.

தொடரின் பெயரையாவது கட்டுரையாளர் யோசித்திருக்கலாம். அது பாலி மொழிச் சொல். முன்பிறவியில் சேர்ந்து வாழ்ந்தது என்று பொருள். முன்பு சேர்ந்து வாழ்ந்ததாலும், இப்போது செய்யும் நன்மையாலும் நீரில் தாமரைபோல அன்பு பிறக்கும் என்று ஒரு ஜாதகக் கதைப் பாட்டு சொல்கிறது. இதைத்தான் நாம் பூர்வ ஜென்ம பந்தம் என்கிறோம். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பந்தத்தைப் பற்றிய கதையில் அடக்குமுறையை எங்கே கண்டார் அவர்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் அந்தப் படம் அயுத்தயாவில் உள்ள வாட் சைவத்தனாராம் என்று ஒரு வரித் திருத்தம் போடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதழை அனுப்பப்போகிறேன். தமிழ் தெரியாவிட்டாலும் படத்தை அவர் அடையாளம் கண்டுகொள்வார். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்பார்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி,
தஞ்சாவூர்