முயல் வழங்கும் அமைப்புகளுக்கும் கால்நடை வைத்திய அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெண் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கும் காணி குறைந்தோருக்கும் வாழ்வாதார உதவியாக முயல் வழங்கப்படுவதை முழுமனதுடன் வரவேற்பவன் நான். இரண்டு பரப்புக் காணிக்குள் வீடும் கிணறும் போக எஞ்சும் இடத்தில் மாடு கட்ட முடியாத குடும்பத்துக்கு, அறுகம்புல்லையும் அகத்திக் குழையையும் தின்று முப்பத்தொரு நாளில் குட்டி ஈனும் முயலைவிடப் பொருத்தமான பிராணி அரிது. ஆயினும், கொடுத்த முயல் குட்டி போடவில்லை என்ற முறைப்பாட்டை எங்கள் அயலில் அடிக்கடி கேட்கிறேன். இரண்டு மூன்று முறை சேர்த்துப் பார்த்துவிட்டு, பெண் முயல் மலடு என்று தீர்மானித்து இறைச்சிக்கு விற்றுவிடுகிறார்கள். கூடு கோழி அடைக்கப் பயன்படுகிறது. பெரும்பாலான இடங்களில் அந்தப் பெண் முயலில் எந்தக் குறையும் இல்லை என்பதையும், குறை நாம் கொடுத்த சோடியிலும் கூட்டின் கூரையிலும் கொடுக்காமல் விட்ட விளக்கத்திலும் இருக்கிறது என்பதையும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவதே என் நோக்கம்.

முதலில் வெப்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் மண்ணில் அதுவே ஆகப் பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன். முயலுக்கு உடல் முழுவதும் வியர்த்துக் குளிரும் வசதி இல்லை. காதுகளாலும் மூச்சாலுமே அது சூட்டை வெளியேற்றுகிறது. 15 முதல் 25 பாகை செல்சியஸ் வரையான வெப்பமே அதற்கு இதமானது. சித்திரை, வைகாசியில் நமது பகல் வெப்பம் நிழலிலேயே 33 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. தகரக் கூரையின் கீழ் அது இன்னும் ஏறும். வெப்பம் 30 பாகைக்கு மேல் நாட்கணக்கில் நீடித்தால் ஆண் முயலின் விந்து தரம் கெடுகிறது, சில வேளை தற்காலிகமாக முற்றாகவே மலடாகிறது. புதிய விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ ஏழு வாரங்கள் எடுக்கும் என்பதால், வைகாசியில் பட்ட சூட்டின் விளைவு ஆனியிலும் ஆடியிலும் வெளிப்படும். அப்போது தென்மேற்குக் காற்றான சோளகம் வீசிக்கொண்டிருக்கும், முயலும் நன்றாகத் தின்னும், இணைசேரவும் செய்யும். காரணம் இரண்டு மாதத்துக்கு முன்னரே நடந்து முடிந்துவிட்டது என்பது வளர்ப்பவருக்கு எப்படித் தெரியும்? பழி பெண் முயலின் மேல் விழுகிறது. கூடு அமைக்கும் பணத்தில் தகரத்துக்குப் பதிலாகக் கிடுகோ பனையோலையோ வேய்ந்து, வேம்பின் நிழலில் வைக்கச் சொன்னால் இந்த இழப்பில் பெரும்பகுதி தவிர்க்கப்படும். தகரம்தான் கொடுக்கப்படும் என்றால், அதன் மேல் ஓலை பரப்ப வேண்டும் என்ற நிபந்தனையாவது வேண்டும்.

அடுத்தது, மாட்டிலும் ஆட்டிலும் பழகிய நம்மவர்கள் முயலிலும் வேட்கைக் காலத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பது. பசு 21 நாளுக்கு ஒருமுறை வேட்கைக்கு வரும், கத்தும். முயலுக்கு அவ்வாறான ஒழுங்கான சுற்று இல்லை. இணைசேர்ந்த தூண்டுதலால் ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு மணித்தியாலத்தின் பின்னரே அதன் முட்டை வெளிப்படுகிறது. பெண்ணுறுப்பு வெளிறியிருந்தால் அது பெரும்பாலும் மறுக்கும். சிவந்து ஈரமாக இருந்தால் பெரும்பாலும் ஏற்கும். பெண் முயலைத்தான் ஆணின் கூட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆணைக் கொண்டுவந்து விட்டால் தன் இடத்தைக் காக்கப் பெண் அதைக் கடித்துக் காயப்படுத்தும். அதிகாலையில் சேர்த்து, சில மணித்தியாலம் கழித்து மறுபடியும் சேர்ப்பது நல்லது.

சினை இல்லாமலே சினைபோல் நடக்கும் பொய்ச்சினையையும் நமது பயிற்சிகளில் விளக்க வேண்டும். பலனளிக்காத இணைசேர்வின் பின்னரோ, பெண் முயல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதாலோ இது வரலாம். பதினாறு முதல் பதினெட்டாம் நாள்வரையில் முயல் தன் மயிரைப் பிடுங்கிக் கூடு கட்டும், குட்டி இராது. வீட்டார், முயல் குட்டியைத் தின்றுவிட்டது என்று நம்பி விடுகிறார்கள். பன்னிரண்டு முதல் பதினான்காம் நாளில் வயிற்றை மெதுவாகத் தடவிப் பார்த்தால் திராட்சைப்பழ அளவில் சினைக்கரு தட்டுப்படும். இதை வாயால் விளக்கிப் புரியவைக்க முடியாது. ஒவ்வொரு பயனாளியின் கையையும் பிடித்து ஒரு சினை முயலில் காட்டிக்கொடுக்க வேண்டும்.

இனிச் சோடி. ஒரே ஈற்றில் பிறந்த ஆணையும் பெண்ணையும் சோடியாகக் கொடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஈனும் குட்டிகள் எண்ணிக்கையிலும் உரத்திலும் குறையும். அந்தக் குட்டிகளை அயலவர் வாங்கி மறுபடியும் தமக்குள் சேர்க்கும்போது ஊரே ஒரு குடும்பத்து முயல்களால் நிறைகிறது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளில் ஆண் பெண் பிரித்தறிவது எளிதல்ல என்பதால், சோடி என்று கொடுக்கப்பட்ட இரண்டும் பெண்ணாகவே இருந்த வீடும் உண்டு. அந்த வீட்டுத் தாய் மாதக்கணக்காகக் காத்திருந்தார். கையளிக்கும் நாளில் கால்நடை வைத்திய அதிகாரி ஒருவர் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, பிறந்த திகதியையும் தாய் தந்தையின் இலக்கத்தையும் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தால் போதும். நடுத்தர இனப் பெண் முயலை ஐந்து ஆறு மாதத்திலும் ஆணை ஆறு ஏழு மாதத்திலும் சேர்க்கலாம் என்பதும் அதே அட்டையில் இருக்கட்டும். வயது தெரியாமல் நெடுநாள் சேர்க்காது விட்டு, தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் அள்ளிக்கொடுத்துக் கொழுக்க வைத்த முயல் பின்னர் சினைப்படுவது கடினம். இப்பில் இப்பில் மரத்தின் இலையையே நாள்தோறும் முக்கிய உணவாகக் கொடுப்பதும் தவறு. அதிலுள்ள மிமோசின் என்ற நச்சுப்பொருள் மயிரை உதிர்ப்பதோடு இனப்பெருக்கத்தையும் பாதிக்கும்.

குட்டிகள் இறப்பது வேறொரு பெரிய விடயம்; இங்கே ஒன்றை மட்டும் சொல்கிறேன். இணைசேர்ந்த இருபத்தெட்டாம் நாளில் உலர்ந்த புல்லோ வைக்கோலோ இட்ட ஈற்றுப்பெட்டியும் எந்நேரமும் தண்ணீரும் இருக்க வேண்டும். தாய் நாளுக்கு ஒருமுறை, சில நிமிடங்களே பாலூட்டும். அதைக் கண்டு பயந்து குட்டிகளைத் தாயின் மடியில் திரும்பத் திரும்பப் பிடித்து வைப்பதால் தாய் கலைகிறது.

இவற்றைக் கருதி நான் கேட்பது, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சோடி என்ற முறையை மாற்றி, வீட்டுக்கு இரண்டு மூன்று பெண் முயல்களைக் கொடுத்து, எட்டுப் பத்துப் பெண் முயலுக்கு ஒன்று என்ற அளவில், உறவற்ற ஆண் முயல்களைக் கிராமத்தில் ஒருவரது நிழலான கூட்டில் பொதுவாகப் பராமரிக்க வேண்டும் என்பதே. வாரத்துக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் ஓர் ஆண் முயலைப் பயன்படுத்தக் கூடாது. ஆண் பொதுவானதாகும்போது சொறியும் பிறப்புறுப்புப் புண்ணும் வீட்டுக்கு வீடு பரவும் ஆபத்து உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. ஆகவே சேர்க்குமுன் இரண்டையும் பார்ப்பதும், புண்ணோ செதிலோ கண்டால் சேர்க்காமல் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் காட்டுவதும் விதியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிராமங்களுக்கிடையே ஆண்களை மாற்றிக்கொண்டால் நெருங்கிய உறவுச் சேர்க்கையும் குறையும். கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தின் மாணவர்களை இந்தப் பதிவேடுகளைப் பார்வையிட அழைக்கலாம்.

வழங்கும் காலத்தையும் மாற்றிப் பாருங்கள். தையில் கொடுக்கும் மூன்று மாதக் குட்டி, சித்திரைச் சூட்டில்தான் பருவம் அடைகிறது. ஆவணியில் கொடுத்தால் அது கார்த்திகை, மார்கழியில், மாரியின் குளிரில் முதன்முறை சேர்க்கத் தயாராக இருக்கும். வாடைக்காற்றும் தூவானமும் படாமல் கூட்டின் வடக்கு, கிழக்குப் பக்கங்களை ஓலையால் மறைத்தால் போதும். அடுத்த ஆவணிக்கான பயனாளிகள் தெரிவுக்கு முன்னர் இதுபற்றிப் பேச என்னையும் அயலிலுள்ள வளர்ப்பாளர்களையும் அழைத்தால், எங்கள் பதிவுக் கொப்பிகளுடன் வருவோம்.

இங்ஙனம்,
முயல் வளர்ப்பாளர் ஒருவர்,
நீர்வேலி, யாழ்ப்பாணம்.