லயத்துப் பக்கம் கத்தும் ஆந்தை

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தில் இரவில் கேட்கும் அலறல்களைப் பற்றிப் போன வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். அலறினால் சாவு வரும் என்று சொல்லப்படும் உலமா என்ற பறவையின் கதை நன்றாக இருந்தது. ஆனால் கத்துகிற பறவையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

உலமா எந்தப் பறவை என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒரே கருத்து இல்லை. பலர் சொல்வது நம் காடுகளில் வாழும் பேராந்தையை. இரண்டடி உயரம், பக்கவாட்டில் சாய்ந்த இறகுக் கொம்புகள், புள்ளி போட்ட வெளிர் வயிறு. காட்டுக்கோழி, முயலைக்கூட அடித்துத் தின்னும். இதன் இலங்கை உள்ளினத்துக்கு 1878இல் லெக் என்ற பறவை ஆய்வாளர் வைத்த பெயரில், மலையகக் கோப்பித் தோட்டத்தில் இருந்த பிளை என்பவரின் பெயர் இருக்கிறது.

சரி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே ஓடைக்காட்டிலிருந்து வருகிற சத்தம்? அது பெரும்பாலும் இன்னொரு பறவை: பழுப்புக் காட்டு ஆந்தை. கொம்பு கிடையாது. செம்பழுப்பு முகம், கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம், கரிய விழிகள், வயிறெல்லாம் நெருக்கமான கோடுகள். இலங்கையில் உள்ளது இத்தீவுக்கே உரிய உள்ளினம். பகலில் அடர்ந்த இலைகளுக்குள் உட்கார்ந்திருக்கும். ஆள் அரவம் கேட்டால் உடம்பை ஒடுக்கி, கண்ணைப் பாதி மூடி, முறிந்த கிளை போல அசையாமல் நின்றுவிடும். அதனால்தான் அடியில் கொழுந்து பறிப்பவர்களின் கண்ணிலும் படுவதில்லை. இரவில் 'ஹூ... ஹூஹூஹூ' என்று ஆழ்ந்த குரலில் ஜோடியை அழைக்கும். சில நேரம் கிறீச்சிடும், அலகைப் படபடவென்று அடிக்கும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் சாவு வரப்போகிறதென்று கல்லெறிகிறார்கள், தீப்பந்தம் காட்டுகிறார்கள். மனசுக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது.

அது இரை தேடித்தான் வருகிறது. எலி அதன் முக்கியமான உணவு. எலிக்காய்ச்சலுக்குப் பயந்து வாழும் தோட்டத்து மக்களுக்கு இதைவிட நல்ல அயலவர் யார்? சிறகின் ஓரம் மென்மையாக இருப்பதால் பறப்பது கேட்காது, இருட்டில் எலியின் சலசலப்பை வைத்தே பிடித்துவிடும். அப்புறம் ஒன்று, எலிக்கு விஷம் வைத்தால் அந்த எலியைத் தின்கிற ஆந்தையும் சாகக்கூடும்.

ஒரு ஈட்டுக்கு ஒன்றிரண்டு முட்டைதான், அதுவும் பெரும்பாலும் பழைய மரத்துப் பொந்தில். தேயிலை மலைகளுக்கு நடுவே ஓடையோரமாக மிஞ்சிய காட்டுத் துண்டுகளில்தான் அப்படிப்பட்ட மரங்கள் இருக்கின்றன. விறகுக்கென்று முதலில் வெட்டுப்படுவதும் அதே பொந்து மரம்தான். தோட்ட நிர்வாகங்கள் அந்த மரங்களையாவது விட்டுவைக்க வேண்டும். ஆந்தைகளைக் கொல்வது சட்டப்படியும் குற்றம்.

இந்த இரண்டு ஆந்தைகளின் படத்தையும் பெரிதாக ஒருமுறை வெளியிடுங்கள். தோட்டப் பாடசாலைச் சுவர்களில் ஒட்டிவைக்க உதவும்.

ஒரு வாசகி,
பொகவந்தலாவை