கொக்கியைப் பாருங்கள், நிறத்தை அப்புறம் பார்க்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் சால்மன் தூண்டில் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கடைசியில் இருந்த சாமான் பட்டியலைப் பார்த்தால், புதிதாகத் தொடங்க நினைப்பவர் ஆசையை அங்கேயே மூட்டை கட்டி வைத்துவிடுவார். பெட்டி நிறைய லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை), அதுவும் கலர் கலராக! லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எஃகைப் பற்றியும் கூர்மையைப் பற்றியும் ஓரளவு தெரியும். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்: கையைச் சுருக்க வேண்டியது லூரில்தான், கொக்கியிலும், தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீலின் டிராக்கிலும் (மீன் இழுத்தால் நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் பிடி) சுருக்கக் கூடாது.

முதலில், உங்கள் தண்ணீரில் ஏறி வருவது எந்தச் சால்மன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிங்க் சால்மன் பெரும்பாலும் 2 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். சினூக் சால்மன் 10 கிலோ இருந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். அலாஸ்காவின் கீனாய் ஆற்றில் 1985இல் தூண்டிலில் சிக்கிய சினூக் 44 கிலோ, உலக சாதனை. அதை மனதில் வைத்துக்கொண்டு ராடு, அதாவது தூண்டில் கோல், வாங்கினால் பணமும் போகும், தோளும் போகும். கரையிலிருந்து வீசுபவருக்கு ஒன்பதடி ராடும் 4000 என்று எண் போட்ட நடுத்தர அளவு ஸ்பின்னிங் ரீலும் போதும்.

இனி லூர். முட்டையிட ஆறு ஏறிய சால்மன் அநேகமாக இரை எடுப்பதை நிறுத்திவிடுகிறது. பிறகு ஏன் கவ்வுகிறது என்றால், எரிச்சலில், பழக்கத்தில், தன் இடத்துக்குள் வந்துவிட்டதே என்ற கோபத்தில். ஆகவே ஆற்றில் கண்ணும் செதிளும் தத்ரூபமாகத் தீட்டிய விலை உயர்ந்த பிளக்குக்கு (மீன் உருவ லூர்) தனி மரியாதை எதுவும் கிடையாது. அது எந்த ஆழத்தில், எந்த வேகத்தில் போகிறது என்பதுதான் கணக்கு. மீன் அடித்தரையை ஒட்டிக் கிடக்கும்போது லூர் தலைக்கு மேலே ஓடினால் திரும்பிக்கூடப் பார்க்காது. அடியில் ஓட்டினாலோ பாறையில் மாட்டும், அறுந்து போகும். இழக்கப்போகிற பொருளுக்கு எதற்கு அவ்வளவு விலை?

20 முதல் 30 கிராம் வரை எடையுள்ள கெட்டியான ஸ்பூன் (கரண்டி போல வளைந்த உலோகத் தகட்டு லூர்), 4 அல்லது 5ஆம் எண் ஸ்பின்னர் (இழுக்கும்போது தகடு சுழலும் லூர்), இரண்டிலும் வெள்ளி நிறம் ஒன்று, ஆரஞ்சோ பச்சையோ ஒன்று. பிங்க் சால்மன் வரும் இடமானால் சிறிதாக ஒரு இளஞ்சிவப்பு. தெளிந்த தண்ணீருக்கு வெள்ளி, கலங்கலுக்கு அந்தப் பளிச்சென்ற நிறங்கள். அவ்வளவுதான் தொடக்கம். ஆழத்தில் முதலில் மங்கிப்போவது சிவப்புதான்; கடையில் கண்ணைப் பறித்த சிவப்பு கீழே வெறும் கருப்பாகத் தெரியும். இன்னொன்று, ஸ்பூன் வாங்கும்போது விரலால் தடிமனைப் பாருங்கள். தகடு போல மெல்லியதாக இருந்தால் அது படகின் பின்னால் இழுப்பதற்கானது. கரையிலிருந்து வீசினால் காற்றில் படபடத்து முன்னாலேயே விழும்.

மலிவான லூரில் கோளாறு அதன் தகட்டில் இல்லை, அதில் தொங்கும் மூன்று முள் கொக்கியில்தான். மட்டமான கம்பி, பெரிய மீன் ஒரு திருப்பு திருப்பினால் நிமிர்ந்துவிடும். அதைக் கழற்றிவிட்டு, தரமான ஒற்றைக் கொக்கியாக மாட்டுங்கள். அதைப் பிடித்திருக்கும் வளையம் மெலிதாக இருந்தால் அதையும் மாற்றுங்கள். கூர் பார்ப்பது சுலபம்: கொக்கி முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து லேசாக இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் மழுங்கல். நகத்தைச் சுரண்டிப் பிடித்து நின்றால் சரி. புதிதாக வாங்கியதுகூட வழுக்கும். சின்ன அரம் ஒன்று பையில் இருந்தால் இரண்டு மூன்று இழுப்பில் கூர் வந்துவிடும். கல்லில் உரசிய ஒவ்வொரு முறையும் இதைப் பார்க்க வேண்டும். முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடச் சொல்லும் இடங்களும் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சால்மனுக்கு அதுதான் சட்டம். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்குக் குறையாகப் பட்டது.

நரம்பு விஷயத்தில் ஒரு சிக்கனம். பின்னல் நரம்பு விலை கூட, அதனால் ரீல் முழுக்க அதையே சுற்றாதீர்கள். அடியில் சாதாரண நைலான், மேலே பின்னல். பின்னல் ரீலில் வழுக்கிச் சுற்றாமலும் இருக்கும். நுனியில் கட்டும் துண்டு நரம்பு, பிரதான நரம்பைவிடக் கொஞ்சம் பலம் குறைந்ததாக இருக்கட்டும். பாறையில் மாட்டி இழுக்கும்போது லூரோடு போகும். நூறு மீட்டர் நரம்பும் சேர்ந்து போகாது. முடிச்சை எச்சில் தொட்டு நனைத்து இறுக்குங்கள். உலர்ந்த முடிச்சு உரசிச் சூடாகிப் பலம் இழக்கும்.

ராடும் ரீலும் பழையதாக வாங்கினால் தப்பே இல்லை. ராடின் வளையங்களுக்குள் கொஞ்சம் பஞ்சை விட்டுச் சுழற்றுங்கள்; கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் பஞ்சு இழை அதில் மாட்டும். அந்த விரிசல் நரம்பை அறுத்துவிடும். ரீலில் டிராக்கை மிதமாக வைத்து நரம்பைக் கையால் இழுத்துப் பாருங்கள். ஒரே சீராக வர வேண்டும். விட்டு விட்டு, வெட்டி வெட்டி வந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். சினூக் ஓடுகிற ஓட்டத்தில் அந்த ஒரு வெட்டு போதும், நரம்பு அறுவதற்கு.

கட்டுரையாளர் இரண்டாம் பகுதி எழுதப்போவதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். அதில் பிராண்டு பெயரோடு லூரின் எடையையும், எந்த மீனுக்கு, கரையிலிருந்தா படகிலிருந்தா என்பதையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லேத் தொழிலாளி ஒருவர்