அக்கா போட்ட கையெழுத்துக்கு அரசு தந்த சலுகை

ஆசிரியருக்கு வணக்கம்.

பெண் குழந்தைகள் குறைகிறார்கள் என்ற பேச்சு வந்தாலே வேண்டாத பெண் குழந்தையை அரசிடம் விட்டுச்செல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம், ஸ்கேன் சென்டரில் அதிகாரிகள் சோதனை, பெண் குழந்தை பெயரில் அரசு போடும் டெபாசிட் என்று அதே மூன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். தொட்டில் சேலத்துக்கு வந்தது 1992-ல். 2011 கணக்கெடுப்பில் எங்கள் கடலூர் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள ஆயிரம் பையன்களுக்கு 896 பெண் பிள்ளைகள்தான், மாநிலக் கணக்கு 943. ஒரே பெண் என்றால் 50,000, இரண்டு பெண் என்றால் தலைக்கு 25,000 ரூபாய் அரசு டெபாசிட் போடுகிறது, நல்லதுதான். ஆனால் 18 வயதில் அது கைக்கு வரும்போது, நான் பார்த்தவரை, நேராக நகைக்கடைக்குப் போகிறது. பையன் வேண்டும் என்று கோயில் கோயிலாகச் சுற்றுகிறவர் போடும் கணக்கே வேறு: நிலம் யார் கையில் நிற்கும், கடைசிக் காலத்தில் யார் கஞ்சி ஊற்றுவார்கள்.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டது, நாடு முழுக்க 2005-ல் வந்தது. சட்டம் வந்து என்ன, பத்திரப்பதிவு அலுவலகத்து வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. இரண்டரை ஏக்கரில் தன் பங்கு வேண்டாம் என்று அக்கா எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாள். பெருவிரல் மையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "பொறந்த வீட்டு வாசல் எனக்கு வேணும்டா" என்றாள். நான் ஒரு பட்டுப்புடவையும் எதிர்க்கடைக் காபியும் வாங்கிக் கொடுத்தேன். பங்கு கேட்டிருந்தால் அவள் பிள்ளைகளுக்குத் தாய்மாமன் சீர் வந்திருக்காது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதில் வேடிக்கை, அப்பா கடைசி இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தது அக்கா வீட்டில்.

சரி, இதில் அரசுக்கு என்ன வேலை என்பீர்கள். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைக் கட்டணம் குறைவு, அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. அதாவது மகள் பங்கை விட்டுக்கொடுப்பதற்கு அரசே சலுகை தருகிறது! 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைப்பு என்று 2025 ஏப்ரலில் கொண்டுவந்தார்கள், அதை வரவேற்கிறேன். அப்படியே இந்தப் பக்கமும் கொஞ்சம் திரும்பட்டும். அக்கா, தங்கை தம் பங்கை உடன்பிறந்தவனுக்கு விட்டால் வெளியாளுக்கு விற்பதுபோல முழுக் கட்டணம், அப்பா அம்மா மகளுக்கு எழுதிவைத்தால் கட்டணமே வேண்டாம். இப்படி இருந்திருந்தால் அன்றைக்கு நானே ஒருமுறை யோசித்திருப்பேன்.

- ஒரு வாசகர், விருத்தாசலம்